சும்மா வந்த கிட்டார் பாடம்

வேண்டாம் அக்கா, பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுக்கிறதில்லை. தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க நல்லவங்கதான், முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா நல்லவங்களா இருக்கிறது ஒரு பக்கம், பஸ்ஸில் முன்பின் தெரியாதவங்க கொடுக்கிறதை வாங்கிப் பிள்ளை வாயில் வைக்கிறது ஒரு பக்கம். ஜன்னலோரம் இடம் கொடுத்தீங்களே, அதுவே பெரிசு. அதுகூட எதுக்குக் கொடுத்தீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். இந்தப் பக்கம் வெயில் அடிக்குது, அதனாலதானே? சரி சரி, சிரிக்காதீங்க.

நீங்க தாண்டிக்குடி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலேயே இறங்கிருவேன். பெரிய வளைவு தாண்டினதும் ஹாஸ்டலோடு ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடம் இருக்காமே, அந்த ஸ்டாப். பஸ் அங்கே பத்து நிமிஷம் டீக்கு நிற்கும்னு கண்டக்டர் சொன்னார். நான் வர்றது அங்கே யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. வத்தலக்குண்டு கடையில் கொக்கியும் லைனிங் துணியும் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் பேரு பிலோ, துணி தைக்கிறவ. கொக்கி வாங்க இவ்வளவு தூரம் மலையேறுறாளேன்னு பார்க்கிறீங்களா? சொல்றேன். மலை ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகுமே, நீங்களும் என்ன செய்வீங்க.

எல்லாம் சும்மா கிடைச்ச ஒரு சாமானால் வந்தது அக்கா. சாமான்னா கையில் பிடிக்கிற சாமான் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளே போடுவாங்களே, சாஃப்ட்வேர், அது.

எங்க வீட்டுக்காரர் பேரு தனிஸ்லாஸ். பெயிண்டர். சுவருக்கு அடிக்கிறவர், படம் வரைகிறவர் இல்லை. சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். அதுக்குச் சம்பளம் கிடையாது, அது ஆண்டவருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கலை. ஒரு பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும், அடுத்த தரம் அவர் கை அதை வாசிச்சுரும். எங்க பங்குச் சாமியாருக்குப் பாட ஆசை உண்டு, சுருதி கிடையாது. பூசை நடுவில் அவர் எங்கே ஏறுவார் எங்கே இறங்குவார்னு அவருக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரர் பின்னாடியே போய்ப் பிடிச்சுருவார். அப்படி ஒரு காது.

போன வருஷத்தோட ஊரில் வேலை குறைஞ்சு போச்சு. அப்போ ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு கத்தார். மதுரையில் ஏஜெண்ட் ஒருத்தர், ரெண்டு வருஷ ஒப்பந்தம், பெயிண்டிங் வேலை. இவளுக்கு அப்போ பத்து மாசம். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் வந்து நின்றால் இவ என் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு, யாரும்மா இதுன்னு கேட்பாள். எனக்கு அது வேண்டாம். பக்கத்து வீட்டில் நான் பார்த்திருக்கேன், அப்பான்னா போனுக்குள்ளே இருக்கிற ஆள்னு நினைச்சே ஒரு பிள்ளை வளர்ந்தது. இன்னொரு வழி இந்தப் பள்ளிக்கூடம். கிட்டார் சொல்லித் தர ஆள் வேணும்னு எங்க சாமியார்தான் சொன்னார். ஆனா அந்தப் பிள்ளைகள் ஏதோ வெளிநாட்டுப் பரீட்சை எழுதுறாங்களாம். அதனால் சொல்லித் தர வர்றவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியணும். அஞ்சு கோடு போட்டு அதில் கறுப்புக் கறுப்பாப் புள்ளி உட்கார்ந்திருக்குமே, அதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கணும். ஒன்றரை மாசத்தில் டெஸ்ட்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கோடு ஒண்ணும் தெரியாது. காதில் விழுந்தால் வாசிப்பார். கண்ணால் பார்த்தால் முழிப்பார்.

எதிர் வீட்டுத் தெரசக்கா மகள் ஜான்சி, நர்சிங் படிக்கிறது, லீவுக்கு வந்திருந்தது. அதுதான் தன்னோட லேப்டாப்பைக் கொடுத்து, அதில் இந்தச் சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தது. லேப்டாப்பும் சும்மா வந்ததுதானேன்னு கேட்பீங்க. அது வேற அக்கா. அது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அரசாங்கம் எதுக்குக் கொடுக்குதுன்னு நமக்குத் தெரியும், ஓட்டுக்கு. காரணம் தெரிஞ்சுட்டால் பயம் இல்லை. காரணமே இல்லாமல் ஒருத்தன் கொடுத்தால்தான் பயப்படணும்.

நான் ஜான்சிகிட்ட கேட்டேன், இதை யாரு செஞ்சாங்கன்னு.

"வெளிநாட்டுல யாரோ நாலஞ்சு பேருக்கா. இன்னும் யாரு வேணும்னாலும் திருத்தலாம்."

"அவங்களுக்கு இதுல என்ன கெடைக்கும்?"

"ஒண்ணுங் கெடைக்காது. பிடிச்சிருக்கு, செய்யிறாங்க."

"சோத்துக்கு?"

"வேற வேலை பாப்பாங்களா இருக்கும். உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம், அண்ணன் கத்துக்கிட்டா சரிதான."

எனக்கு எதுக்காம். பாருங்க. நான் ஒரு ரவிக்கையைச் சும்மா தைச்சுக் கொடுத்தால் தெருவே என்ன விஷயம்னு கேட்கும். நாலஞ்சு பேர் வேலை முடிச்சு வீட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவிட்டு, வத்தலக்குண்டு பக்கத்தில் இருக்கிற ஒரு பெயிண்டருக்காக உட்கார்ந்து எழுதினாங்கன்னால் நான் நம்பணுமாம். சரி, விளம்பரம் வரும், அதில்தான் சம்பாதிப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு விளம்பரம் வரலை அக்கா. பல்பொடி விளம்பரம்கூட வரலை. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் கெட்டியாச்சு.

அது எப்படின்னால், திரையில் அஞ்சு கோடு வரும். ஒரு கோட்டில் ஒரு புள்ளி வந்து உட்காரும். இவர் கிட்டாரில் அந்தச் சத்தத்தை எடுக்கணும். சரியா எடுத்தால் புள்ளி பச்சை ஆகும். தப்புன்னால் சிவப்பு. ஒண்ணும் எடுக்காமல் இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சிவப்பு. முதல் வாரம் எல்லாம் செவசெவன்னு கிடந்தது, மிளகாய் காயப்போட்ட மாதிரி. ரெண்டாவது வாரம் பாதிக்குப் பாதி. மூணாவது வாரம் பச்சையா விழ ஆரம்பிச்சது. மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெயிண்ட் அடிக்கப் போன வீட்டில் பிரைமர் பூசின சுவரில் அஞ்சு கோடு இழுத்து, புள்ளி வச்சு, பேர் சொல்லிப் பார்த்துட்டு அதுக்கு மேலே பெயிண்ட் அடிச்சுட்டு வருவாராம். நிலக்கோட்டை பக்கம் ஏழெட்டு வீட்டுச் சுவருக்குள்ளே எங்க வீட்டுக்காரர் பாடம் இருக்கு, அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாது.

நான் அவர் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுத் தைச்சுக்கிட்டு ஒரு கண்ணை அந்தத் திரை மேலேயே வச்சிருந்தேன். ஒரு சாயங்காலம் அவர் புள்ளியைப் பார்த்து யோசிச்சுக்கிட்டு இருக்கார், கையே வைக்கலை. அடுப்பில் குக்கர் விசில் விட்டது. புள்ளி பச்சையாச்சு. அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை. இன்னொரு நாள் இவ பசிச்சு அழுதாள், அதுக்கு ஒரு பச்சை. குக்கர் கேட்குது, பிள்ளை அழுகிறது கேட்குதுன்னால் நான் பேசுறது கேட்காதா? அந்த வீட்டில் நான் என்னவெல்லாம் பேசியிருக்கேன். எங்க மாமியாரைப் பற்றிப் பேசியிருக்கேன். யார் யார் அளவு எவ்வளவுன்னு உரக்கப் படிச்சிருக்கேன். ஊர்ப் பொம்பளைங்க இடுப்பளவு எல்லாம் வெளிநாட்டில் நாலஞ்சு பேருக்குத் தெரிஞ்சு போச்சேன்னு எனக்கு வேர்த்துப் போச்சு.

ரெண்டு நாள் லேப்டாப் முன்னாடி நான் வாயே திறக்கலை. சாப்பிட வாங்கன்னால் கையைக் குவிச்சு வாயில் காட்டுவேன். அவர் நான் கோபமா இருக்கேன்னு நினைச்சு மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தார். பூவை வச்சுக்கிட்டேன், காரணம் சொல்லலை. சொன்னால் கேலி பண்ணுவார்.

அந்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்துக்கு பேங்க்கிலிருந்து ஒரு மேடம் வந்து பேசினாங்க. போனில் கம்ப்யூட்டரில் எதைப் போட்டாலும் கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுக்காதீங்க, ஒட்டுக் கேட்பாங்கன்னு சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழே கை வைக்கிற இடத்தில் ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை, சல்லடை மாதிரி. மேலே கேமராப் பக்கத்தில் ரெண்டே ரெண்டு ஓட்டை, எள்ளு அளவு. நான் யோசிச்சேன். கிட்டார் இருக்கிறது மடியில். அதைக் கேட்கக் கீழே அத்தனை ஓட்டை இருக்கு. அப்புறம் மேலே, மனுஷன் வாய் இருக்கிற உயரத்தில், யாருக்கும் தெரியாமல் ரெண்டு ஓட்டை எதுக்கு? பேச்சுக் கேட்கத்தான்.

கீழே இருக்கிறதை நான் தொடலை. அவர் படிப்பு கெடக்கூடாது பாருங்க. மேல் ஓட்டைக்கு மட்டும் காலருக்கு வைக்கிற கறுப்புக் கேன்வாஸில் நகக்கண் அளவு வெட்டி, ரெண்டு மடிப்பா வச்சு, ரவிக்கையில் கல் ஒட்டுற பசை தடவி ஒட்டிட்டேன். லேப்டாப்பும் கறுப்பு, துணியும் கறுப்பு. ஒட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதானே அக்கா கைவேலை. அவருக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் மறுபடியும் வீட்டுக்குள்ளே வாய்விட்டுப் பேசினேன்.

அப்போதான் அந்தச் சாஃப்ட்வேரோட சுயரூபம் தெரிஞ்சது.

அதே சாயங்காலம் பாதிப் புள்ளி சிவப்பு. அடுத்த நாள், பசை நல்லாக் காய்ஞ்சு வேலைகூடச் சுத்தமா இருந்தது, நான் தடவிப் பார்த்தேன், அன்றைக்கு எல்லாமே சிவப்பு. ஒரு பச்சை கிடையாது. முந்தாநாள் வரைக்கும் பச்சை பச்சையாக் கொடுத்தது, திடீர்னு ஒண்ணும் இல்லை. என்ன அக்கா? என்னமோ சொல்ல வந்தீங்க. ஒண்ணும் இல்லையா? ஏன் தலையில் கை வைக்கிறீங்க, குமட்டுதா? இந்த வளைவு எல்லாருக்கும் ஒத்துக்காது. இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. அதைப் பயப்படாமல் வாங்கலாம், எங்க வீட்டு மரத்தில் பறிச்சது.

எனக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு. முதலில் பச்சை காட்டி ஆளை இழுக்கிறது. ஆசை வந்ததும் சிவப்பாப் போடுறது. மனுஷன் தவிச்சுப் போய் நிற்கும்போது, பச்சை வேணும்னால் காசு கட்டுன்னு கேட்கிறது. இப்போ கேட்கும், நாளைக்குக் கேட்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேட்கலை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அப்போ என்னன்னு தெரிஞ்சிருக்கும். கேட்கவே கேட்காதவனைத்தான் என்ன செய்யிறது?

அவர்கிட்ட சொன்னேன், அதைத் தூக்கி எறிங்கன்னு. அவர் கேட்கலை. அவருக்கு அது மேலே சந்தேகமே வரலை, தன் மேலே வந்தது. தின்னரில் ஊறி ஊறி விரல் கெட்டுப் போச்சோன்னு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடுறது பத்தலையோன்னு ஓங்கி ஓங்கித் தட்டினார். கம்பி ஒண்ணு அறுந்து கன்னத்தில் கீறிருச்சு. தெரசக்கா வாசலுக்கு வந்து, "என்ன தனிஸு, விறகு பிளக்குறியா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. பத்து நாள் அப்படிக் கிடந்தார். எந்தக் காதை நம்பி இத்தனை வருஷம் வாசிச்சாரோ அந்தக் காதைக் கொண்டுபோய் ஒரு மெஷின்கிட்ட அடகு வச்ச மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் தப்பா வாசிச்சார் அக்கா. சாமியார் சரியாப் பாடினார், இவர் தப்பு. அதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை காலையில் குளிச்சுட்டு வந்து, பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வச்சார்.

"ஏஜெண்ட் கேட்டாரு. குடுத்து வைக்கிறேன், எதுக்கும் இருக்கட்டும்."

"டெஸ்டு?"

"நமக்கு எதுக்கு பிலோ அதெல்லாம். நான் கேட்டு வாசிக்கிறவன், படிச்சு வாசிக்கிறவன் இல்ல."

எதுக்கும் இருக்கட்டும்னு கொடுக்கிற பாஸ்போர்ட் எப்படித் திரும்பி வரும்? நான் அழலை. நான் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ரெண்டு ஜாக்கெட் பாக்கி இருந்தது, அதைத் தைச்சு முடிச்சேன். அப்புறம் பேட்டர்ன் வெட்டுற பிரவுன் பேப்பரை எடுத்து, அடி ஸ்கேலை வச்சு அஞ்சு கோடு போட்டேன். ஒரு சீட்டுக்கு ஒரு புள்ளி. எதிர் வீட்டு ஜான்சிகிட்டப் போய், எந்தக் கோட்டுக்கு என்ன பேர், எந்தக் கம்பியில் எத்தனாவது கட்டத்தில் விரல் வைக்கணும்னு, அது போனில் தேடிச் சொன்னதைப் பின்பக்கம் எழுதினேன். அளவெடுத்துக் கோடு போடுறது என் தொழில், இதில் என்ன கஷ்டம். அவர் வந்ததும் எதிரில் உட்கார்ந்து ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினேன்.

முதலில் சிரிச்சார். அப்புறம் வாசிச்சார். நான் பின்பக்கம் பார்த்துக்கிட்டு, விரல் சரியான இடத்தில் இருக்கான்னு மட்டும் சொல்வேன். எனக்குச் சத்தம் தெரியாது, இடம் தெரியும். தினம் சாயங்காலம் அதுதான். அவர் ஒரு சீட்டுக்கும் தப்பு விடலை. ஆனாலும் அவருக்கு என் மேலே நம்பிக்கை வரலை அக்கா. நீ என் பொண்டாட்டி, எனக்குச் சாதகமாத்தான் சொல்லுவன்னுட்டார். சீட்டு முடிஞ்சதும் லேப்டாப்பைத் திறப்பார், அது வரிசையாச் சிவப்பைக் கொட்டும், மூடிட்டு எந்திரிச்சுப் போயிருவார். டெஸ்டுக்குப் போகமாட்டேன்னு சொல்லவும் இல்லை, போறேன்னும் சொல்லலை.

டெஸ்டுக்கு முதல் நாள் ஜான்சி காலேஜுக்குத் திரும்புது, லேப்டாப்பைக் கேட்டது. அடுத்தவங்க பொருளை ஒட்டுப் போட்டுக் கொடுக்கலாமா? அவர் கொல்லைப்பக்கம் குளிச்சுக்கிட்டு இருக்கும்போது தையல் பிரிக்கிற ஊசியால் கேன்வாஸை நெம்பி எடுத்துட்டு, பசைத் தடம் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு வச்சேன். அவர் வந்து, கடைசியா ஒரு தடவை பார்த்துக்கிறேன்னு உட்கார்ந்தார்.

முதல் புள்ளி பச்சை. ரெண்டாவது பச்சை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூணு, நாலு, பத்து, இருபது. நான் மெஷினை நிறுத்திட்டேன். நாற்பது புள்ளி அக்கா, ஒரு சிவப்பு இல்லை. அந்த மனுஷன் கிட்டாரை மடியில் வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் அதுக்கு மேலே போட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் தண்ணி. "வந்துருச்சு பிலோ"ன்னார்.

என்ன தந்திரம் பார்த்தீங்களா அந்தச் சாஃப்ட்வேருக்கு? வீட்டை விட்டுப் போகப் போறோம், இனி இங்கே பிழைப்பு இல்லைன்னு தெரிஞ்சதும் குழையுது. திரும்பக் கூப்பிடுவாங்கன்னு. நான் ஒரு நிமிஷம்கூட அதை அங்கே வைக்கலை. இடுப்பில் இவ, கையில் லேப்டாப், நேரே தெரசக்கா வீட்டில் கொண்டுபோய் வச்சுட்டு வந்தேன். நீங்க என்ன அக்கா, மறுபடியும் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கிறீங்க.

மறுநாள் அவர் டெஸ்டுக்கு வந்தார், இதே பஸ்ஸில். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஃபாதரும், இசை படிச்ச ஒரு சிஸ்டரும் இருந்தாங்களாம். சிஸ்டர் முன்பின் பார்க்காத ஒரு தாளை வச்சாங்களாம், இவர் வாசிச்சாராம். ஃபாதர், கடிதம் போடுறோம்னு சொல்லி அனுப்பிட்டார். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுறா? போன் நம்பர் வாங்கி வச்சுக்கிட்டுக் கடிதம் போடுறோம்னால் என்ன அர்த்தம்? இல்லைன்னு முகத்துக்கு நேரே சொல்லப் பிடிக்கலைன்னு அர்த்தம். அவரும் அப்படித்தான் நினைச்சார். ஒரு வாரம் பார்த்தார், ரெண்டு வாரம் பார்த்தார். மதுரை ஏஜெண்ட் போன் பண்ணி, பதினாலாந் தேதி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடணும்னு சொன்னார். அவர் சரின்னுட்டார்.

பதினாலாந் தேதின்னால் இன்றைக்கு அக்கா. இப்போ அவர் மதுரையில்தான் இருக்கார். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கையெழுத்து.

ஆனா கடிதம் வந்துருச்சு. மூணு நாளைக்கு முன்னாடி. இதோ, இந்தப் பையில்தான் இருக்கு. அவர் வேலைக்குப் போயிருந்தார், தபால்காரர் என் கையில் கொடுத்தார். படிச்சேன். வேலை கொடுத்திருக்காங்க. பதினைந்தாந் தேதிக்குள்ளே வந்து சேரணும். நான் குதிச்சிருப்பேன் அக்கா, அதுக்குக் கீழே ஒரு பத்தி இல்லாமல் இருந்திருந்தால். குடியிருக்க வளாகத்துக்குள்ளேயே வீடு, இலவசம். மின்சாரம் இலவசம். மூணு வேளைச் சாப்பாடு இலவசம். குழந்தைக்குப் படிப்பு இலவசம்.

நாலு இலவசம். ஒரே பத்தியில்.

கடிதத்தை மடிச்சு ரவிக்கைத் துணிக்கு அடியில் வச்சேன். மூணு நாளா அவர் முகத்தைப் பார்க்கிறேன், சாப்பிடும்போது பார்க்கிறேன், பெட்டியில் சட்டை அடுக்கும்போது பார்க்கிறேன். நாக்கு நுனி வரைக்கும் வருது. சொல்ல முடியலை. எங்க வீட்டுக்காரர் இலவசம்னு பார்த்தால் கையெழுத்துப் போடுகிற ஆள். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னா கேட்கிறீங்க.

எனக்குப் பதினாறு வயசில் எங்க ஊருக்கு ஒரு வேன் வந்தது. ஒரு நூல் மில்லுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. தங்குறது இலவசம், சாப்பாடு இலவசம், பயிற்சி இலவசம், மூணு வருஷம். அப்பா யோசிச்சார். நான்தான் போறேன்னேன். பத்தாவது முடிச்சிருந்தேன், ஊரில் இருந்து என்ன செய்யப் போறேன்னு ஒரு குஷி. போன அன்றைக்கு வாட்ச்மேன் கேட்டை அகலமாத் திறந்து, வாம்மா வாம்மான்னு பெட்டியை வாங்கிக்கிட்டார். அவ்வளவுதான் அக்கா. அந்தக் கேட் எனக்கு அதுக்கப்புறம் என் இஷ்டத்துக்குத் திறக்கலை. வெளியே போகணும்னால் ஒரு தாளில் மூணு பேர் கையெழுத்து வாங்கணும். ரெண்டாவது வருஷம் அப்பாவுக்கு முடியலைன்னு தகவல் வந்தது. ஒருத்தர் கையெழுத்துப் போட்டார். ரெண்டாவது ஆள் லீவு. மூணாவது ஆள், ரெண்டாவது கையெழுத்து இல்லாமல் போட மாட்டேன்னார். நான் வீட்டுக்குப் போனப்போ கல்லறையில் மண்ணே காய்ஞ்சு போயிருந்தது.

அதை விடுங்க. அங்கேதான் தையல் கத்துக்கிட்டேன், ஞாயிற்றுக்கிழமையில். அதை வச்சுத்தான் இப்போ சோறு.

இதோ, வளைவு தாண்டிருச்சு. இதுதானா? வெள்ளைச் சுவர், கறுப்புக் கேட். திறந்துதான் கிடக்குது பாருங்க. வாட்ச்மேன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் அதைப் பார்த்து ஏமாற மாட்டேன். உள்ளே போறதுக்கு எல்லாக் கேட்டும் திறந்துதான் இருக்கும். வெளியே வர்றதுக்குத் திறக்குதான்னுதான் பார்க்கணும்.

அக்கா, பத்து நிமிஷம் பஸ் நிற்குமில்ல. இவளைக் கொஞ்சம் பிடிங்க. இல்லை, தூக்கிக்கிட்டுப் போகமாட்டேன். எனக்கு ஒண்ணுன்னால் பரவாயில்லை, இவளையும் தூக்கிக்கிட்டு உள்ளே போய் அவன் பூட்டிட்டான்னால்? நீங்க வச்சிருங்க. அழுதால் தோளில் போட்டுத் தட்டுங்க, உடனே நிறுத்திருவாள். பேரு ஜோவிட்டா. கண்டக்டர் விசில் அடிச்சு நான் வரலைன்னால் பஸ்ஸை விடாதீங்க, சத்தம் போடுங்க.

வந்துட்டேன். அழுதாளா? இல்லையா? பாருங்களேன், சிரிச்சுக்கிட்டுக் கிடக்கிறதை.

இருங்க, மூச்சு வாங்குது. உள்ளே போய் வாட்ச்மேன்கிட்ட தண்ணி கேட்டேன். குழாயைக் கை காட்டினார். குடிச்சேன். நான் போறேன்னு சொன்னேன். போங்கம்மான்னார், பேப்பரிலிருந்து தலையே தூக்கலை. வெளியே வந்துட்டேன். நம்பிக்கை வரலை. மறுபடியும் உள்ளே போனேன். இந்தத் தடவை அந்த மரம் வரைக்கும் போனேன், நின்னேன், திரும்பினேன். கேட்டைத் தாண்டினேன். யாரும் ஒண்ணும் கேட்கலை. மூணாவது தடவை உள்ளே போறப்பத்தான் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "உங்களுக்கு என்னதாம்மா வேணும்"னு கேட்டார். உங்க வாத்தியார்மார் வீட்டுப் பொம்பளைங்க வெளியே போகணும்னால் யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்க வீட்டுக்காரருகிட்டயா"ன்னு அவர் என்னைத் திருப்பிக் கேட்கிறார்.

மணி என்ன அக்கா? ஒண்ணு நாற்பதா? இந்த இடத்தில் டவர் கிடைக்குமா? ரெண்டு கோடு காட்டுது. இவளை இன்னும் ஒரு நிமிஷம் வச்சிருங்க.

ஏங்க. நான்தான். கையெழுத்துப் போட்டுட்டீங்களா? போடாதீங்க. பேனாவைக் கீழே வைங்க. வச்சுட்டீங்களா? பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு. இல்லை, கடிதம் எங்கிட்டதான் இருக்கு. மூணு நாளா. ஆமா, மூணு நாளா எங்கிட்டதான் இருக்கு. திட்டுறதை வீட்டுக்கு வந்து திட்டுங்க, நாளைக்குள்ளே இங்கே சேரணும். கேட்குதா?

நானா? வத்தலக்குண்டில் இல்லைங்க. மலையில் இருக்கேன். பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன்.